தலைப்பிரசவம், கூடவே ‘ஹை ரிஸ்க்’: எதை வைத்துத் தைரியமாக இருப்பது?

உங்களுக்கு வயது 33, இது முதல் கர்ப்பம், இப்போது 27வது வாரம். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறீர்கள். போன பரிசோதனையில் சர்க்கரையும் தெரியவந்திருக்கிறது. கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ‘ஹை ரிஸ்க்’ என்று எழுதிவிட்டார்கள். 38வது வாரத்தில் மருந்து கொடுத்து வலி வர வைக்க வேண்டியிருக்கலாம், சிசேரியன் ஆனாலும் ஆகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். “எனக்குச் சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பே இல்லையா? தைரியமாக இரு என்கிறார்கள் எல்லோரும். எதை வைத்துத் தைரியமாக இருப்பது?” என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: வாய்ப்பு இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. இரண்டாவதுதான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தது. எல்லாவற்றையும் மருத்துவர்கள் முடிவு செய்யப்போகிறார்கள் என்றால் இதில் எனக்கு என்ன வேலை என்பதுதான் அதன் அடியில் இருக்கும் கேள்வி. வேலை நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மகப்பேறு மருத்துவர். பிரசவ அறையிலேயே பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆனாலும் உங்கள் கோப்பை நான் பார்க்கவில்லை. சிறுநீரில் புரதம் எவ்வளவு, சிறுநீரகச் சோதனை என்ன சொல்கிறது, குழந்தையின் வளர்ச்சி எப்படி என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆகவே நான் எழுதுவதும் உங்கள் மருத்துவர் சொல்வதும் எங்காவது மோதினால் அவர் சொல்வதையே கேளுங்கள். ஏன் என்று அவரிடம் ஒரு கேள்வியும் கேளுங்கள்.

‘ஹை ரிஸ்க்’ என்று கோப்பில் எழுதுவது பெரும்பாலும் எங்கள் வசதிக்காக. அடுத்த ஷிப்டில் வருகிற மருத்துவரும் நர்ஸும் இந்தப் பெண்ணை அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்கான குறி அது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நிலைமைகள் எல்லாம் அந்த ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. நச்சுக்கொடி கருப்பை வாயை முழுவதும் மூடிக்கொண்டிருந்தால் சிசேரியன்தான், அதில் பேச்சுக்கே இடமில்லை. இரட்டைக் குழந்தை என்றால் கணக்கு வேறு. இதய வால்வுக் கோளாறு என்றால் முற்றிலும் வேறு. அதனால் மற்றொரு ‘ஹை ரிஸ்க்’ பெண்ணுக்கு என்ன நடந்தது என்று கேட்டு உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. உங்களுடைய ஆபத்தை அதன் சொந்தப் பெயரில் தெரிந்துகொள்ளுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகள் போதும்: எனக்கு என்ன வந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள்? அது வருகிறது என்பதை எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பீர்கள்? வந்துவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பெண் பிரசவ அறைக்குள் வருவதற்கும், தெரியாத பெண் வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை வாசலிலேயே பார்க்க முடியும். பயம் இருவருக்கும் இருக்கும். முதலாமவருக்கு அந்தப் பயத்துக்கு ஓர் எல்லை இருக்கும்.

உங்கள் விஷயத்தில் முதல் கேள்விக்கான பதில் ஏறக்குறைய எனக்கே தெரியும். ப்ரீ-எக்லாம்ப்சியாவை நினைத்துப் பயப்படுகிறார்கள். 20 வாரத்துக்குப் பிறகு ரத்த அழுத்தம் ஏறி, கூடவே சிறுநீரில் புரதம் போவதோ, கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள் பாதிக்கப்படுவதோ நடக்கும் நோய் அது. ஏற்கெனவே ரத்த அழுத்தம் உள்ள பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது வருகிறது. இந்தக் கணக்கை மறுபக்கத்திலிருந்தும் படியுங்கள்: மீதி மூன்று பேருக்கு வருவதில்லை. அடுத்த கவலை, நச்சுக்கொடிக்கு ரத்த ஓட்டம் குறைந்து குழந்தை சிறுத்துப்போவது. சர்க்கரையால் வரும் கவலை நேர் எதிரானது, குழந்தை அளவுக்கு மீறிப் பெருப்பது. இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் உங்களுக்கு அடிக்கடி ஸ்கேன் எழுதுகிறார்கள். ஏதோ கெட்ட செய்தியை மறைத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

உறுதியாகத் தெரிந்தவற்றில் தொடங்குகிறேன். கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தத்தை 140/90க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. மிதமான அழுத்தத்துக்கு மருந்து கொடுத்தால் குழந்தைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுமோ என்று மருத்துவர்களே நெடுங்காலம் தயங்கிக்கொண்டிருந்தார்கள். 2022இல் வெளிவந்த ‘சாப்’ என்ற பெரிய ஆய்வு அந்தத் தயக்கத்தைப் பெருமளவு தீர்த்துவைத்தது. மருந்து எடுத்தவர்களுக்குத் தீவிரமான ப்ரீ-எக்லாம்ப்சியாவும் மிகக் குறைமாதப் பிரசவமும் குறைந்தன, குழந்தைகள் சிறுத்துப்போகவும் இல்லை. லேபெடலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் நெடுநாள் புழக்கத்தில் உள்ள மருந்துகள். குழந்தைக்கு ஆகாது என்று நீங்களாக ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை போட்டுக்கொள்வதுதான் உண்மையான அபாயம். ஆஸ்பிரின் குறைந்த அளவில் கொடுத்திருந்தால் அதையும் கேட்காமல் நிறுத்த வேண்டாம். 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் அதன் பலன் நன்றாகக் கிடைக்கும். இதுவரை தொடங்கவில்லை என்றால் இப்போது தொடங்குவதில் பெரிய பலன் இருக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது, உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் வேலைகளில் இதற்கு மேல் ஒன்று இல்லை. ஆனால் சரியாகப் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய்ந்த நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். கால் மேல் கால் போடாமல், பாதம் இரண்டும் தரையில் பதிந்திருக்க வேண்டும். கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். பட்டையைச் சட்டைக் கைக்கு மேல் சுற்றக்கூடாது. இயந்திரம் ஓடும்போது பேசக்கூடாது, போனில் செய்தி படிப்பதும் கூடாது. பட்டை கைக்குச் சிறியதாக இருந்தால் அளவு கூடிக் காட்டும். தடித்த கை உள்ளவர்களுக்குப் பெரிய பட்டை தனியாகக் கிடைக்கிறது. தானாக அளக்கும் சில இயந்திரங்கள் ப்ரீ-எக்லாம்ப்சியாவில் குறைத்துக் காட்டும் என்பதால், உங்கள் இயந்திரத்தை ஒரு தடவை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் அவர்கள் அளப்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அளந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். மருத்துவமனைக்கு வந்தாலே பதற்றத்தில் அழுத்தம் ஏறுகிற பெண்கள் பலர். அவர்களுக்கு அந்த நோட்டுதான் வக்கீல்.

160/110ஐத் தொட்டால் ஐந்து பத்து நிமிடம் பொறுத்து இன்னொரு முறை பார்த்துவிட்டு, இறங்கவில்லை என்றால் உடனே கிளம்ப வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. எண் எதுவாக இருந்தாலும் சில அறிகுறிகளுக்கு அதே அவசரம் உண்டு: பாராசிட்டமால் போட்டும் போகாத தலைவலி, கண்ணில் பளிச் பளிச்சென்று ஒளி அல்லது மங்கல், முகமும் கையும் திடீரென்று வீங்குவது, மூச்சுத்திணறல், வலது விலா எலும்புக்கு அடியில் வலி. இந்தக் கடைசி அறிகுறிதான் ஆட்களை ஏமாற்றும். நெஞ்செரிச்சல் என்று நினைத்து அதற்கான மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். கல்லீரல் வீங்கி வருகிற வலி அது. ரத்தப்போக்கு, வயிறு கல்லாக இறுகித் தொடர்ந்து வலிப்பது, பனிக்குடம் உடைவது ஆகியவற்றுக்கும் போன் செய்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், போய்விடுங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்படாதீர்கள். அப்படி வருகிறவர்களைப் பார்த்து அனுப்புவதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சர்க்கரையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், அது இந்த இரண்டில் சாதுவானது. வெறும் வயிற்றில் 95க்குக் கீழ், சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழ் அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழ் என்பது வழக்கமான இலக்கு. உணவையும் நடையையும் ஒழுங்கு செய்தாலே பல பெண்களுக்கு இது வந்துவிடுகிறது. வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் முரண்டு பிடித்தால் அது உங்கள் கட்டுப்பாடின்மையால் அல்ல. நச்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்களின் வேலை. அப்போது மாத்திரையோ இன்சுலினோ தொடங்குவார்கள். இன்சுலின் நச்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டால் ஊசி மேல் உள்ள கோபம் கொஞ்சம் தணியும். ஒரு எச்சரிக்கை: லேபெடலாலும் இன்சுலினும் சேர்ந்து எடுப்பவர்களுக்குச் சர்க்கரை தாழும்போது வழக்கமாக வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். சந்தேகம் வந்தால் உடலை நம்பாமல் விரலில் குத்திப் பாருங்கள்.

குழந்தையின் அசைவு பற்றி உறுதியானதும் சந்தேகமானதும் கலந்து கிடக்கின்றன. இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு எண்ணு என்று சொல்லும் வழக்கம் உண்டு. அப்படி எண்ணுவதால் குழந்தை இறப்பு குறைகிறது என்று ஆய்வுகள் தெளிவாக நிரூபிக்கவில்லை. சிலருக்கு எண்ணுவதே நோயாகிவிடுகிறது. ஆனால் வழக்கமாக ஆடுகிற நேரத்தில் ஆடவில்லை, அசைவு குறைந்துவிட்டது என்று தாய்க்குத் தோன்றினால் அன்றைக்கே வந்து பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கடைசி மாதத்தில் இடமில்லாமல் அசைவு குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அசையும் விதம் மாறும், அசைவு குறையாது. 28 வாரத்துக்குப் பிறகு தூங்கப் போகும்போது ஒருக்களித்துப் படுங்கள். நடு இரவில் மல்லாந்து கிடப்பதைக் கண்டு பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும். ஸ்கேன் சொல்லும் எடையைத் தராசு எடைபோல எடுத்துக்கொள்ளாதீர்கள். 10 முதல் 15 சதவீதம் வரை அப்படியும் இப்படியும் இருக்கும். குழந்தை பெரிதாக இருந்தால் பிழையும் பெரிதாகும். மூன்றரைக் கிலோ என்று ஸ்கேன் சொன்ன குழந்தை மூன்று கிலோவாகப் பிறப்பதும் நான்காகப் பிறப்பதும் எங்களுக்குப் புதிதல்ல.

இனி வலி வர வைப்பது. உங்கள் கேள்வியில் அதிகப் பயம் தெரிகிற இடம் இதுதான். மருந்து கொடுத்து வலி வர வைத்தால் முடிவில் சிசேரியன்தான் என்று உங்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பரவலான நம்பிக்கை இது, ஆனால் ஆய்வுகள் இதை ஆதரிக்கவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்தமோ லேசான ப்ரீ-எக்லாம்ப்சியாவோ உள்ள பெண்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2009இல் வெளிவந்த ‘ஹிப்பிடாட்’ ஆய்வில், 36 வாரத்துக்குப் பிறகு வலி வர வைத்தவர்களுக்குத் தாய்க்கு வரும் சிக்கல்கள் குறைந்தன, சிசேரியன் கூடவில்லை. முதல் பிரசவப் பெண்களை வைத்து அமெரிக்காவில் நடந்த 2018ஆம் ஆண்டு ‘அரைவ்’ ஆய்வில் 39வது வாரத்தில் வலி வர வைத்தவர்களுக்குச் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2 சதவீதம். பின்னது ஆபத்துக் குறைந்த பெண்களிடம் செய்தது, அதை அப்படியே உங்களுக்குப் பொருத்த முடியாது. நெடுநாள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சேர்ந்த முதல் கர்ப்பத்துக்கென்று இத்தனை தெளிவான கணக்கு கையில் இல்லை. எந்த வாரம் என்பதும் அதனால்தான் மருத்துவருக்கு மருத்துவர் சற்று மாறுகிறது. அழுத்தம் மாத்திரையில் கட்டுப்பட்டிருந்தால் 37 முதல் 39 வாரத்துக்குள் என்பார்கள். ப்ரீ-எக்லாம்ப்சியா வந்துவிட்டால் 37. அது தீவிரமாக இருந்தால் 34 வாரத்திலேயே. உங்களுக்குச் சொன்ன 38 என்பது இந்த வரம்புக்குள் நியாயமாகவே இருக்கிறது.

வலி வர வைத்தால் என்ன நடக்கும் என்பதை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஏமாற்றமே பயமாக மாறுகிறது. காலையில் சேர்ந்தால் மாலையில் குழந்தை என்று நினைத்து வருகிறார்கள். தலைப்பிரசவத்தில், கருப்பை வாய் இறுகி மூடியிருக்கும்போது தொடங்கினால், ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகலாம். முதல் கட்டத்தில் கருப்பை வாயைப் பழுக்க வைப்பார்கள். அதற்கு மாத்திரையோ ஜெல்லோ வைக்கலாம், அல்லது மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை உள்ளே செலுத்தி அதன் நுனியில் உள்ள பலூனில் நீரை நிரப்பி விடலாம். பலூன் தானாக நழுவி வெளியே வந்தால் நல்ல செய்தி. மூன்று சென்டிமீட்டர் அளவு திறந்திருக்கிறது என்று பொருள். பிறகு பனிக்குடத்தை உடைப்பார்கள், ஆக்ஸிடோசின் சொட்டு ஏற்றுவார்கள். ஐந்து சென்டிமீட்டர் வரை வலி விட்டு விட்டு, இழுத்துக்கொண்டேதான் போகும். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் தீவிரப் பிரசவம் என்று கணக்கிடுகிறது. அதற்கு முன்னால் உள்ள நேரத்துக்கு அது கெடு எதுவும் வைக்கவில்லை. முதல் நாள் முழுக்க இரண்டு சென்டிமீட்டரிலேயே நிற்பதைப் பார்த்து, என் உடம்பு தோற்றுவிட்டது என்று அழுத பெண்கள் அடுத்த நாள் மதியம் குழந்தையோடு படுத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். சேரும்போதே உங்கள் மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்: பனிக்குடம் உடைத்து, சொட்டு தொடங்கியபின் எவ்வளவு நேரம் முன்னேற்றம் இல்லாவிட்டால் சிசேரியன் என்று முடிவெடுப்பீர்கள்? தாயும் சேயும் நன்றாக இருக்கும்வரை 12 முதல் 18 மணி நேரம் பொறுப்பது ஏற்றுக்கொள்ளப்பட்ட வழக்கம். இந்த ஒரு கேள்வி அவசர முடிவுகள் சிலவற்றைத் தவிர்த்துவிடும்.

பிரசவ அறையில் உங்கள் வயிற்றில் இரண்டு பட்டைகள் கட்டுவார்கள், ஒன்று வலியை அளக்க, ஒன்று குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க. உங்கள் நிலைமையில் அது தொடர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒருக்களித்துத் திரும்பும்போது பட்டை நழுவி ‘டக் டக்’ சத்தம் சட்டென்று நின்றுவிடும். அந்த நொடியில் தாயின் முகம் வெளிறுவதை அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் கருவியின் முனை இடம் மாறியிருக்கும், நர்ஸ் அதைச் சற்று நகர்த்தி அழுத்தினால் சத்தம் திரும்பிவிடும். இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். திரையையே பார்த்துக்கொண்டு படுத்திருக்காமல் அதைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பட்டை கட்டியிருந்தாலும் நிற்கலாம், நாற்காலியில் உட்காரலாம், கட்டிலைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாயலாம். மல்லாந்து படுத்தே கிடக்க வேண்டும் என்று சட்டமில்லை. அழுத்தம் மிகவும் ஏறினால் வலிப்பு வராமல் இருக்க மெக்னீசியம் சல்பேட் கொடுப்பார்கள். 2002இல் வெளியான ‘மேக்பை’ ஆய்வின்படி வலிப்பு வருவதை அது பாதிக்கும் மேல் குறைக்கிறது. மருந்து ஏறத் தொடங்கியதும் உடம்பு முழுக்கக் குப்பென்று சூடாகும், முகம் சிவக்கும். நர்ஸ் அடிக்கடி வந்து முழங்காலில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளினால் மருந்தின் அளவு மீறவில்லை என்று அர்த்தம். முன்கூட்டிச் சொல்லப்படாதவர்களுக்கு அந்தச் சூடு சாவு நெருங்குவதுபோல் இருக்கும். சொல்லப்பட்டவர்கள் “ஆமாம், சூடாகிறது” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

பிரசவ வலியைக் குறைக்க முதுகில் போடும் எபிடியூரல் ஊசியைப் பற்றி வீண் பழிகள் பல உண்டு. அது சிசேரியனைக் கூட்டுவதில்லை. குழந்தையை வெளியே தள்ளும் கட்டம் சற்று நீளலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதில் ஒரு தனி ஆதாயமும் இருக்கிறது, வலியால் அழுத்தம் எகிறுவது மட்டுப்படும். தட்டணுக்கள் மிகவும் குறைந்திருந்தால் போட மாட்டார்கள் என்பதால், வேண்டுமா வேண்டாமா என்ற பேச்சை மயக்க மருந்து மருத்துவரோடு முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வேண்டாம் என்று முடிவு செய்து வந்து வலியின் நடுவில் மனம் மாறினால் அது தோல்வி ஒன்றும் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் இன்னொரு பெரிய விஷயம், யார் உடன் இருப்பது என்பது. பிரசவம் முழுக்க விடாமல் ஒருவர் துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, நேரம் குறைகிறது, சிசேரியன் குறைகிறது என்பதை 26 ஆய்வுகளை, 15,000க்கும் அதிகமான பெண்களைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பு 2017இல் காட்டியது. நாங்கள் கொடுக்கும் பல மருந்துகளுக்கு இவ்வளவு நல்ல சான்று கிடையாது. ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது உறவு முறையைப் பார்க்காமல் குணத்தைப் பாருங்கள். ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவரும், உங்களைவிட அதிகமாகப் பதறுகிறவரும், தன் பிரசவக் கதையைத் தொடங்கிவிடுகிறவரும் வெளியில் காத்திருக்கட்டும். இடுப்பை அழுத்திக் கொடுக்கத் தெரிந்த, சும்மா இருக்கத் தெரிந்த ஒருவர் போதும். உங்கள் மருத்துவமனை துணையை உள்ளே அனுமதிக்கிறதா என்று இப்போதே விசாரியுங்கள். அவர் கையில் ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுத்துவையுங்கள்: உங்கள் நோய்கள், மருந்துகள், அளவுகள், ஒவ்வாமை, ரத்த வகை, கடைசிப் பரிசோதனை முடிவுகள். இது சம்பிரதாயத்துக்காக அல்ல. பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் மெத்தில் எர்கோமெட்ரின் ஊசி ரத்த அழுத்தத்தை எகிற வைக்கும், அதனால் உங்களுக்கு வேறு மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். நள்ளிரவு ஷிப்ட் மாறும் வேளையில், அந்தத் தாளைக் காட்டி “இவருக்கு ப்ரெஷர் இருக்கிறது” என்று சொல்ல ஓர் ஆள் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

சிசேரியனுக்கும் தயாராகுங்கள். அதைப் பற்றி நினைத்தாலே நடந்துவிடும் என்று ஒதுக்கி வைத்தவர்களுக்குத்தான் அது இடிபோல இறங்குகிறது. அவசர சிசேரியன் என்று எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை ஓடிக்கொண்டே செய்பவை அல்ல. பேசி, கையெழுத்து வாங்கி, நிதானமாக நடப்பவை. பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு, நீங்கள் விழித்திருக்கும்போதே செய்வார்கள். வலி இருக்காது, ஆனால் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். குழந்தையை உடனே நெஞ்சோடு சேர்க்க முடியுமா, தொப்புள்கொடியை ஒரு நிமிடமாவது பொறுத்து வெட்டுவீர்களா என்பதையெல்லாம் அறுவை அரங்குக்கும் சேர்த்தே கேளுங்கள். பிறந்த குழந்தைக்கு முதல் நாளில் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள்; தாய்க்குச் சர்க்கரை இருந்தால் குழந்தைக்குத் தாழ்ந்துபோக வாய்ப்பு உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுப்பது அதற்கு முதல் மருந்து. 34 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகும் நிலை வந்தால் குழந்தையின் நுரையீரல் முதிர உங்களுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த வழக்கம் இது, எண்ணற்ற குழந்தைகளைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஊசிக்குப் பின் சில நாள் உங்கள் சர்க்கரை துள்ளும், பதற வேண்டாம். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவை இப்போதே ஒருமுறை போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். பார்த்துவைத்த இடத்தின் மேல் பயம் குறைவு.

வேறு தயாரிப்புகளில் எது வேலை செய்யும்? முழுப் படுக்கை ஓய்வு பலன் தருவதாகத் தெரியவில்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்தைத்தான் அது கூட்டும். மருத்துவர் குறிப்பிட்டுத் தடுக்காதவரை நடங்கள். 35வது வாரத்திலிருந்து வாரத்துக்கு ஓரிரு முறை பிறப்புறுப்பின் கீழ்ப்பகுதியைச் சுத்தமான விரலால் மெதுவாக நீவி விரித்துக்கொடுப்பது, முதல் பிரசவத்தில் தையல் தேவைப்படுவதைக் கொஞ்சம் குறைக்கிறது. மூச்சுப் பயிற்சி சிசேரியனைக் குறைக்கும் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். வலியின் நடுவில் செய்வதற்கு ஒரு வேலை கொடுக்கிறது, அதுவே பெரிது. இணையத்தில் மற்றவர்களின் பிரசவக் கதைகளைப் படிப்பதை நிறுத்துங்கள் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் படிக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன். தூக்கம் கெட்டு, எதிலும் ஆர்வமில்லாமல், பயம் நாள் முழுக்க நெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது வெறும் பிரசவ பயம் இல்லை. ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோலவே அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கடைசியாக, யாரும் சொல்லாமல் விடுவது: பிரசவத்தோடு இது முடிவதில்லை. குழந்தை பிறந்தபின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் ரத்த அழுத்தம் உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் அப்போது வீட்டுக்கு வந்திருப்பார்கள், எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும். ப்ரீ-எக்லாம்ப்சியா ஆறு வாரம் வரைகூடப் புதிதாக வரலாம். ஆகவே அளக்கும் இயந்திரத்தைப் பெட்டியில் போட்டு மூடாதீர்கள்; முதல் பத்து நாளாவது தினமும் பாருங்கள், மேலே சொன்ன அறிகுறிகள் அப்போதும் பொருந்தும். உடன் இருப்பவருக்கும் அவற்றைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் தூக்கமில்லாத தாய் தலைவலியைத் தூக்கமின்மையின் கணக்கில் எழுதிவிடுவாள். தாய்ப்பால் கொடுக்கும்போது எடுக்கக்கூடிய ரத்த அழுத்த மாத்திரைகள் இருக்கின்றன, அதற்காகப் பாலையோ மாத்திரையையோ நிறுத்த வேண்டியதில்லை. பிரசவம் ஆகி 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை மறுபடி செய்துகொள்ளுங்கள். சர்க்கரை மறைந்துவிட்டிருந்தாலும் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால், அதன்பிறகு ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த முதல் சோதனைக்கான தேதியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும் அன்றே வாங்கிவிடுங்கள்.